சனிக்கிழமை ராத்திரிக்கு எந்தப் படம்? நான்கு மாயாஜாலப் படங்களைப் பார்த்து எடுத்த முடிவு

மே மாத விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாய் விரித்துப் படம் பார்ப்போம். மொத்தம் ஆறு பேர். மாமியாருக்கு 76 வயது. நான் அத்தை என்று கூப்பிடுவேன், பிள்ளைகளுக்கு அப்பாயி. நானும் வீட்டுக்காரரும். லீவுக்கு வந்திருக்கும் கொழுந்தனார் மகள், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தவள். அப்புறம் என் பிள்ளைகள் இரண்டு பேர்: பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஐந்து.

இந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு படம் வேண்டும் என்றால் என் மனம் மாயாஜால நகைச்சுவைப் பக்கம்தான் போகும். சண்டைப் படம் என்றால் அத்தை எழுந்து போய்விடுவார், காதல் படம் என்றால் பெரியவன் நெளிவான், கார்ட்டூன் என்றால் கொழுந்தனார் மகள் போனை எடுத்துக்கொள்வாள். பூதமோ தேவதையோ வந்தால் மட்டும் ஆறு பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

போன மாதம் அப்படித்தான் ஒரு படம் போட்டோம். பெயர் வேண்டாம். குடும்பத்தோடு பார்க்கலாம், மாயம், சிரிப்பு என்றெல்லாம் பட்டியலில் போட்டிருந்தது. அதில் ஒரு குண்டுப் பையன் வருவான். அவன் வரும்போதெல்லாம் பின்னால் ஒரு சத்தம் போடுவார்கள். அவன் உட்கார்ந்தால் நாற்காலி உடையும். கையில் எப்போதும் ஏதாவது தின்பண்டம். நாங்களும் சிரித்தோம். பெரியவன் கொஞ்சம் பூசின உடம்பு. மூன்றாவது தோசையைத் தட்டில் பாதியாக விட்டுவிட்டு, தட்டைப் பாய்க்கு வெளியே நகர்த்தி வைத்துவிட்டான். "போதும்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு அவன் டி.வி. முன்னால் உட்கார்ந்து எதையும் சாப்பிடுவதில்லை. கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேனே என்று எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

இனிமேல் முன்கூட்டியே பார்க்காமல் எந்தப் படமும் போடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அத்தை "மாயா பஜார்" என்றார். வீட்டுக்காரர் "பட்டணத்தில் பூதம்" என்றார். கொழுந்தனார் மகள் "மடில்டா" என்றாள். என் மனதில் "மூக்குத்தி அம்மன்" இருந்தது. ஒரு வாரம், பிள்ளைகள் தூங்கிய பிறகு, நாலையும் உட்கார்ந்து பார்த்தேன்.

சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். யு என்று இருந்தால் எல்லோரும் பார்க்கலாம். 2024 கடைசியிலிருந்து யு/ஏ-வையும் 7+, 13+, 16+ என்று வயது வாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். அது உதவியான ஏற்பாடுதான். பயம் எவ்வளவு, அடிதடி எவ்வளவு, பேச்சு எப்படி என்பதற்கு அந்த முத்திரையை நம்பலாம். ஆனால் யாரை வைத்துச் சிரிக்கிறார்கள் என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அதை நாமேதான் பார்க்க வேண்டும்.

நான் முதலில் பார்த்தது அதைத்தான். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறதா? குண்டு, கறுப்பு, காது கேட்காதவர், திக்கிப் பேசுபவர், வயதானவர் என்று எத்தனையோ பேரைச் சிரிப்புக்குப் பலி கொடுத்திருக்கிறது நம் சினிமா.

இரண்டாவது, சிரிப்பு கண்ணில் இருக்கிறதா, காதில் இருக்கிறதா என்பது. அத்தைக்கு இடது காது மந்தம். மடமடவென்று பேசும் நகைச்சுவை அவருக்கு எட்டாது. சின்னவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சுதான் புரியாது. ஆக மூத்தவருக்கும் இளையவளுக்கும் ஒரே மாதிரி படம்தான் வேண்டும்: பார்த்த உடனே சிரிக்க வைக்கிற படம்.

மூன்றாவது, மாயத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறதா என்பது. எது வேண்டுமானாலும் நடக்கும் என்று விட்டுவிட்டால் குழந்தைக்கே அலுத்துவிடும். இதைத் தொட்டால் இது நடக்கும் என்று தெரிந்துவிட்டால்தான், "இப்ப பாரு, இப்ப தொடப்போறான்" என்று அது முன்கூட்டியே சிரிக்கும்.

"பட்டணத்தில் பூதம்" 1967-ல் வந்தது. ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, நாகேஷ், பூதமாக ஜாவர் சீதாராமன். எம்.வி. ராமன் இயக்கம். ஹாலிவுட்டில் 1964-ல் வந்த "தி பிராஸ் பாட்டில்" படத்தைத் தழுவியது; அதற்கும் மூலம் எஃப். ஆன்ஸ்டி 1900-ல் எழுதிய நாவல். ஆனால் ஜீபூம்பா என்று பெயர் வைத்து, மொட்டைத் தலையும் கனத்த குரலுமாக ஜாவர் சீதாராமன் வந்து நின்றதும் அது முழுக்க நம் ஊர்ப் பூதமாகிவிட்டது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் மந்திரம் போட்டால் ஜீபூம்பா என்றுதான் சொல்கின்றன. அந்தச் சொல் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தெரியாமலே சொல்கின்றன.

எத்தனையோ காலம் ஜாடிக்குள் அடைபட்டுக் கிடந்த பூதத்துக்கு, வெளியே வந்தால் பட்டணம் புரியவில்லை. தன்னை விடுவித்தவனுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் செய்வதெல்லாம் அவனுக்கே வினையாக முடிகிறது. இந்தச் சிரிப்பில் யாருக்கும் காயம் இல்லை. பூதத்தின் தயவில் பந்து நினைத்தபடி போகிற கூடைப்பந்து ஆட்டத்தைச் சின்னவளுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினால்கூடக் கைதட்டுவாள். பாட்டுகளுக்கு ஆர். கோவர்த்தனம் இசை. "அந்த சிவகாமி மகனிடம்" பாட்டு வந்தால் அத்தை கண்டிப்பாகப் படத்தை நிறுத்தச் சொல்வார்; கண்ணதாசன் அதில் காமராஜருக்குத் தூது விட்டார், காமராஜருடைய அம்மா பெயர் சிவகாமி என்று அந்தக் கதையை ஒருமுறை சொல்லி முடித்த பிறகுதான் தொடரலாம்.

ஆனால் பூதம் இல்லாத நேரங்களில் படம் இறங்கிவிடுகிறது. காதல், வில்லன்கள், துரத்தல் என்று அந்தக் காலத்துப் படங்களுக்கே உரிய சமாசாரங்கள் நடுவில் நீள்கின்றன. பூதத்தின் சக்திக்கும் எல்லை இல்லை. கேட்டால் நடக்கிறது, கேட்காவிட்டாலும் நடக்கிறது. நாலாவது தடவைக்கு மேல் அடுத்தது என்ன என்ற ஆவல் எனக்கே குறைந்துபோனது. வீட்டுக்காரருக்கு இது சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் பார்த்த படம். அவருக்கு அதில் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. மழை பெய்து வெளியே போக முடியாத ஒரு மத்தியானத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம். ஆறு பேரும் சேர்ந்து உட்காரும் ராத்திரிக்கு இது போதாது.

அவரே இன்னொன்றும் சொன்னார்: "மை டியர் குட்டிச்சாத்தான்". 1984-ல் மலையாளத்தில் ஜிஜோ புன்னூஸ் எடுத்த, இந்தியாவின் முதல் 3டி படம். குழந்தைகள் சுவரில் நடந்து கூரையில் நடந்து இறங்கி வரும் பாட்டு ஒன்று போதும், ஆயுசுக்கும் மறக்காது. ஆனால் அந்தப் படத்தின் பாதி உயிர் தியேட்டரில், கண்ணாடி போட்டுக்கொண்டு, நீட்டிய பொருளைப் பிடிக்கக் கை நீட்டியதில் இருந்தது. வீட்டு டி.வி.யில் அது வராது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

"மூக்குத்தி அம்மன்" என் தேர்வு என்பதால் கொஞ்சம் ஆசையோடுதான் பார்த்தேன். 2020 தீபாவளி அன்றைக்கு நேராக ஓடிடியில் வந்த படம். ஆர்.ஜே. பாலாஜியும் என்.ஜே. சரவணனும் இயக்கியது. நாகர்கோவிலில் எங்கெல்ஸ் ராமசாமி என்று ஒரு உள்ளூர் டி.வி. நிருபர், அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், அம்மா, தங்கைகள், தாத்தா, கழுத்தைப் பிடிக்கும் பணக்கஷ்டம். எத்தனையோ வேண்டுதல் போட்டும் ஒன்றும் நடக்காமல் கடைசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போகிறார்கள். அங்கே அம்மனே நேரில் வந்து நிற்கிறாள். நயன்தாரா அம்மன்.

இந்தப் படத்தின் அடிவேர் எனக்கு மிகவும் பிடித்தது. குலதெய்வத்தை மறந்துவிட்டு ஊரில் உள்ள பெரிய கோயிலுக்கெல்லாம் ஓடுகிற வழக்கத்தை அது தொட்டுப் பேசுகிறது. அதைப் பார்க்கும்போது, நாங்கள் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து மூன்று வருடம் ஆகிறது என்பது எனக்குச் சுரீர் என்று உறைத்தது. அம்மாவாக வரும் ஊர்வசியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். புருஷன் விட்டுப்போன பெண் என்றால் நம் சினிமாவில் ஒன்று அழுவாள், அல்லது சாபம் விடுவாள். இந்த அம்மா சிரிக்கிறாள், பொய் சொல்கிறாள், மகளுக்கு வரன் பார்க்கிறாள், பெருமை பேசுகிறாள், நடுவில் எங்கோ ஒரு இடத்தில் குரல் உடைகிறது. படம் அவளை ஒரு இடத்திலும் கேலிப்பொருள் ஆக்கவில்லை.

ஆனால் என் கேள்விகளை வைத்துப் பார்த்தபோது இரண்டாவதில் சறுக்கியது. சிரிப்பு முழுக்கப் பேச்சில் இருக்கிறது. பாலாஜி பேசுகிற வேகத்துக்கு எனக்கே சில இடங்களில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மன் செய்யும் மாயம் குறைவு. அம்மன் பேசுவதுதான் அதிகம். இரண்டாம் பாதி முழுக்கப் போலிச் சாமியாரும் நில அபகரிப்பும் வந்துவிடுகின்றன. சொல்ல வேண்டிய விஷயம்தான். பதினைந்து வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து பார்த்து, அப்புறம் ஒரு மணி நேரம் பேச வேண்டிய படம். ஐந்து வயதுக்காரி சாமியார் வந்ததும் தூங்கிவிடுவாள். அத்தை அதற்கு முன்னாலேயே "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று ஒவ்வொரு வரிக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்துவிடுவார். ஒரு கட்டத்துக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியாது.

"மடில்டா" விஷயத்தில் நான் தயங்கியதற்குக் காரணம் வேறு. 1996-ல் வந்த படம், ரோல்ட் டால் 1988-ல் எழுதிய கதை. டேனி டெவிட்டோ இயக்கி, பழைய கார்களை ஏமாற்றி விற்கும் அப்பாவாகவும் நடித்திருக்கிறார். அந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் புத்தகம் படிப்பதே பிடிக்காது. அவள் பார்த்தால் பொருள்கள் நகரும். பள்ளியில் டிரஞ்ச்புல் என்று ஒரு தலைமை ஆசிரியை, ரெட்டைச் சடை போட்ட காரணத்துக்காக ஒரு சிறுமியைச் சடையைப் பிடித்துச் சுழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் வீசுகிறவள். மாயத்தின் கட்டுப்பாடு இங்கே அருமை: மடில்டாவுக்குக் கோபம் வந்தால்தான் சக்தி வரும், பழகப் பழகத்தான் கைக்குள் அடங்கும். அதைப் புரிந்துகொள்ள ஐந்து வயது போதும். மொத்தமே ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம்.

தயங்கியது அந்த கேக் காட்சிக்காக. பள்ளிக்கூடம் முழுக்கக் கூடியிருக்கும் மண்டபத்தில், புரூஸ் என்ற குண்டுப் பையனை மேடையில் உட்கார வைக்கிறாள் டிரஞ்ச்புல். தன்னுடைய கேக்கைத் திருடித் தின்றான் என்பது குற்றம். ஒரு ஆள் தூக்க முடியாத அளவுக்குப் பெரிய சாக்லேட் கேக்கைக் கொண்டுவந்து வைத்து, முழுவதையும் இப்போதே தின்று முடி என்கிறாள். பையனின் முகம், கை, சட்டை எல்லாம் சாக்லேட். பாதியில் அவனால் முடியவில்லை. கண் சொருகுகிறது. இங்கே நான் படத்தை நிறுத்திவிட்டேன். பெரியவன் பக்கத்தில் இல்லை, இருந்தும் எனக்கு அவன் தட்டை நகர்த்தி வைத்த அந்த ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போட்டேன். மடில்டா எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள், உன்னால் முடியும் என்று. பக்கத்தில் இருப்பவர்கள் எழுகிறார்கள். பிறகு மண்டபமே எழுந்து நின்று அவன் பெயரைக் கூவுகிறது. அவன் கடைசித் துண்டை விழுங்கி, காலித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறான். அவனை அவமானப்படுத்தக் கொண்டுவந்த கேக் அவனுடைய வெற்றி ஆகிவிடுகிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. போன மாதம் நாங்கள் பார்த்த படத்தை எடுத்தவர்களுக்கும் இதை எடுத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. ஒருவர் அந்தப் பையன் தின்பதைக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறார், இன்னொருவர் அவனுக்காகக் கத்தச் சொல்கிறார்.

அப்புறம் ஏன் இதையே போடவில்லை என்றால், அத்தைக்காகத்தான். ஆங்கிலம் தெரியாது, கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதும் சிரமம். அதோடு பிள்ளைகளை நிலைவாசல் மாதிரி ஒடுக்கமான, உள்ளே ஆணி அடித்த அலமாரிக்குள் போட்டுப் பூட்டும் தண்டனை ஒன்று வருகிறது; சின்னவள் அன்றைக்கு ராத்திரி தனியாகப் பாத்ரூம் போகமாட்டாள். ஆனால் பெரியவன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். வாரநாளில் ஒரு மத்தியானம், கொழுந்தனார் மகள் பக்கத்தில் உட்கார்ந்து புரியாததைச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் இரண்டு பேரும் மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு. அவளும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள்: "நான் பாத்துக்கறேன் பெரியம்மா, அந்த கேக் சீன்ல நான் அவன்கூடச் சேந்து கத்துவேன்."

கடைசியாக "மாயா பஜார்". 1957. கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தமிழிலும் தெலுங்கிலுமாக எடுத்த படம். உண்மையைச் சொன்னால் இதைத்தான் நான் முதலில் கழித்துவிடுவேன் என்று நினைத்தேன். கறுப்பு வெள்ளை, ஏறக்குறைய மூன்று மணி நேரம், புராணக் கதை. பிள்ளைகள் எப்படி உட்காரும்?

கதையை அத்தை சொன்ன விதத்தில்தான் எனக்குப் புரிந்தது. "அண்ணன் மகளைத் தங்கச்சி மகனுக்குக் குடுக்கறதுன்னு சின்னதுலயே பேசி வச்சாங்க. தங்கச்சி வீட்டுல சொத்துப் போச்சு. உடனே அண்ணி மாறிட்டா. அவ்வளவுதாண்டி கதை." அண்ணன் பலராமர், தங்கை சுபத்திரை, முறைப்பெண் வத்ஸலா, முறைமாப்பிள்ளை அபிமன்யு. சொத்து போனதும் சம்பந்தம் கசக்கிற கதை எந்தக் குடும்பத்தில் இல்லை? இது வியாச பாரதத்தில் உள்ள கல்யாணம் இல்லை, மக்கள் வாய்மொழியில் வளர்த்த கதை. நம் மேடைகளிலும் சங்கரதாஸ் சுவாமிகளின் "அபிமன்யு சுந்தரி" நாடகம் இப்படி ஒரு அபிமன்யு காதலைத்தான் ஆடியது. பஞ்சபாண்டவர்கள் ஐந்து பேரும் படத்தில் வருவதே இல்லை. பாரதப் போர் இல்லை, உபதேசம் இல்லை. ஒரு கல்யாணம் நிற்குமா நடக்குமா, அவ்வளவுதான்.

உதவிக்கு வருகிறவன் கடோத்கஜன். பீமனின் மகன், அபிமன்யுவுக்குப் பெரியப்பா மகன். எஸ்.வி. ரங்காராவ். அவன் வந்த நிமிடத்திலிருந்து படம் வேறு வேகம் எடுக்கிறது. தூங்கும் வத்ஸலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வானத்தில் போகிறான். அவள் இடத்தில் தானே வத்ஸலாவாக உருமாறி உட்கார்ந்துகொள்கிறான். இனிமேல்தான் சாவித்திரியைப் பார்க்க வேண்டும். உருவம் வத்ஸலா, உள்ளே கடோத்கஜன். பூ வைத்த தலை, பட்டுப்புடவை, நகை. ஆனால் நடை தரை அதிரும் நடை, பார்வை முறைப்பு, யாராவது வந்ததும் சட்டென்று நாணிக் கோணிப் பெண்ணாகிவிடுவது. இதற்கு ஒரு வசனமும் தேவையில்லை. காது கேட்காத அத்தைக்கும் பேச்சு புரியாத சின்னவளுக்கும் ஒரே நொடியில் சிரிப்பு வரும்.

மாயத்துக்குக் கட்டுப்பாடு என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இந்தப் படத்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு மாயப் பெட்டி வருகிறது. திறந்து பார்த்தால் அவரவருக்கு எது மிகவும் பிடித்தமோ அது தெரியும். வத்ஸலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். அவள் அம்மா ரேவதிக்கு நகைகள் தெரிகின்றன. பலராமருக்குத் தன் சீடன் துரியோதனன். கிருஷ்ணர் பார்த்தால் சகுனி! ஒரே பெட்டி, நாலே பார்வை, நாலு பேர் மனமும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொன்று ஒரு பலகை. அதில் ஏறி நின்றால் வாயில் உண்மைதான் வரும். அது எதற்கு என்று நமக்குத் தெரிந்த பிறகு, சகுனி அதன் பக்கம் நடந்து வரும்போதே சிரிப்பு தொடங்கிவிடுகிறது. அவன் ஏறுவதற்குள் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

சாப்பாட்டுக் காட்சியைத் தனியாகச் சொல்லாமல் முடியாது. கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் வரிசையாக அண்டாக்கள், தாம்பாளங்களில் குவித்து வைத்த பலகாரங்கள். நடுவில் கடோத்கஜன் வந்து சப்பணம் போட்டு உட்காருகிறான். "கல்யாண சமையல் சாதம்", திருச்சி லோகநாதன் குரல். தட்டுகள் தாமாக நகர்ந்து வருகின்றன, லட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி அவன் வாயைத் தேடிப் போகின்றன. அவன் சிரிக்கிற சிரிப்பில் கூடம் அதிரும். இதில் நான் கவனித்தது இதுதான்: பெரிய உடம்பு, பெரிய வயிறு, பெரிய பசி. ஆனால் படம் அவனை ஒரு நொடிகூடக் கேலி செய்யவில்லை. அவன் சாப்பிடுவதைக் கொண்டாடுகிறது. அந்த வீட்டில் அவன்தான் பலசாலி, அவன்தான் புத்திசாலி, அவன்தான் காப்பாற்ற வந்தவன். சிரிப்புக்கு ஆளாகிறவன் லட்சுமணகுமாரன். தங்கவேலு அந்த வேடத்தில். அவனையும் உடம்புக்காகச் சிரிக்கவில்லை. தன் அழகையும் அப்பா பணத்தையும் நினைத்து மிதக்கிறானே, அந்த மிதப்புக்காகச் சிரிக்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. முதல் ஒரு மணி நேரம் மெதுவாகத்தான் போகிறது. பாட்டுகள் அதிகம். "ஆஹா இன்ப நிலாவினிலே" படகுப் பாட்டில் மார்கஸ் பார்ட்லியின் கேமரா காட்டும் நிலா வெளிச்சத்தை நான் மெய்மறந்து பார்த்தேன். பெரியவன் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவான். உறவுமுறைகளை முதலிலேயே சொல்லிவிடாவிட்டால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் குழம்பும். காட்டில் கடோத்கஜனும் அபிமன்யுவும் ஒருவரை ஒருவர் தெரியாமல் மோதிக்கொள்ளும் இடத்தில் சின்னவளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்துவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அந்தச் சாப்பாட்டுப் பாட்டை மட்டும் டி.வி.யில் போட்டேன். யாரையும் கூப்பிடவில்லை. சின்னவள் ஓடி வந்தாள். பெரியவன் வாசல்படியில் நின்றுகொண்டே பார்த்தான். லட்டு பறந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்ததும் "மறுபடி போடும்மா" என்றான். இரண்டாவது தடவை ஓடும்போது அலமாரியிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே ஒன்றை உடைத்து வாயில் போட்டான். நான் துணியைத்தான் மடித்துக்கொண்டிருந்தேன். எந்தத் துணி யாருடையது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆக, வரும் சனிக்கிழமை "மாயா பஜார்". ஒரே ராத்திரியில் முழுவதையும் போடப்போவதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு, விளக்கு ஏற்றின கையோடு ஆரம்பித்து, கடோத்கஜன் வத்ஸலாவைக் கட்டிலோடு தூக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பாடு. மீதி ஞாயிற்றுக்கிழமை. அந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் ராத்திரி முழுக்க அதையே பேசிக்கொண்டு கிடப்பார்கள். படம் ஆரம்பிக்கும் முன்னால் அத்தை கால் மணி நேரம் உறவுமுறையைக் கதையாகச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம் என்று அதையும் சேர்த்துச் சொல்வார்.

நீங்களும் இதைப் போடுவதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இணையத்தில் தெலுங்குப் பிரதிதான் அதிகம் கண்ணில் படும். வண்ணம் சேர்த்ததும் தெலுங்குதான், 2010-ல். இரண்டிலும் சாவித்திரியும் ரங்காராவும் என்.டி. ராமாராவும் இருப்பதால் படத்தை வைத்துச் சட்டென்று பிடிபடாது. அபிமன்யுவாக ஜெமினி கணேசன் வந்தால் தமிழ், நாகேஸ்வர ராவ் வந்தால் தெலுங்கு. தமிழிலும் ஒலி தெளிவாக உள்ள பிரதியாகத் தேடி, பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். நான் ஸ்பீக்கரை அத்தையின் வலது காதுப் பக்கம் மாற்றி வைத்துவிட்டேன்.

பெரியவன் லட்டு வேண்டும் என்கிறான். வெள்ளிக்கிழமை பூந்தி தேய்க்க வேண்டும்.